ஹால் டிவியில் குடும்பப் படங்கள்: நீலகிரி வீடுகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ, பாப்பாவின் முதல் பிறந்தநாள், தாத்தா காலத்து ஆல்பத்தை ஸ்கேன் செய்த படங்கள், தேடித்தேடிச் சேர்த்த பாட்டுகள். இவையெல்லாம் வீட்டில் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அந்த ஒருவர் கோவையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு அவை எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்பதே தெரியாது.

அவற்றை ஹால் டிவிக்குக் கொண்டுவருவது பற்றிக் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்து வீடுகளில் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மலையில் இருப்பதாலேயே வரும் சிக்கல்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். எந்த வழியில் போனாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வீட்டில் மூத்தவர், யாரையும் கூப்பிடாமல், ரிமோட்டை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைத் திறக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

இதற்கு இன்டர்நெட் வேண்டுமா? டேட்டா தீர்ந்துவிடாதா?

வேண்டாம். தீராது. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

கம்ப்யூட்டரும் டிவியும் ஒரே வைஃபை ரவுட்டரில் இணைந்திருந்தால், படம் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கும் அங்கிருந்து டிவிக்கும் போகிறது. வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. மாதத்துக்கு எவ்வளவு ஜிபி என்ற கணக்கில் ஒரு துளியும் சேராது. ஐப்பசி மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்து, லைன்மேன் வர நாளாகும் என்று கைவிரிக்கும்போதும், ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் வீட்டுக்குள் படம் ஓடும். நம் ஊருக்கு இது பெரிய சௌகரியம்.

ஆனால் ஒரு முன்னேற்பாடு வேண்டும். டிவியில் போட வேண்டிய ஆப்பை இணைப்பு நன்றாக இருக்கும்போதே இறக்கி, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சில கருவிகள் வீட்டுக்குள் ஓடும் படத்துக்கும் வெளியே உள்ள கம்பெனியின் சர்வரையோ சான்றிதழையோ நம்பியிருக்கும். 2025 மார்ச்சில் குரோம்காஸ்ட் என்ற, டிவியில் சொருகும் கூகுள் கருவியின் இரண்டாம் தலைமுறை மாடல்கள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போனதற்குக் காரணம், உள்ளே இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானதுதான். எதை வாங்கினாலும் ஒருமுறை இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டுப் படம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் மழைக்காலத்துக்கும் தாங்கும்.

பென்டிரைவில் போட்டு டிவியில் சொருகினால் போதாதா?

ஒரு கல்யாண வீடியோவை ஒரு தடவை பார்க்க அதுவே போதும். 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைல் ஏறவில்லை என்றால் பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கிறது என்று அர்த்தம். ஃபார்மேட் செய்து எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காத பழைய மாடலாக இருந்தால் என்டிஎஃப்எஸ் முயன்று பாருங்கள்.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் இணைப்பதும் நல்ல வழிதான். ஆனால் இரண்டிலும் ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து போய் ஏதாவது சொருக வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் இல்லாத நாளில் எதுவும் நடக்காது. தினமும் பார்க்கும் வீடு என்றால், முதலில் சொன்னபடி ரவுட்டர் வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் பகிர்வதுதான் சரி.

கம்ப்யூட்டரில் புதிதாக எதுவும் போடாமல் பகிர முடியுமா?

முடியும். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ‘மீடியா ஸ்ட்ரீமிங்’ என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடினால் வரும். அணைத்து வைக்கப்பட்டிருக்கும், போட்டுவிட்டு, பட்டியலில் உங்கள் டிவியை அனுமதியுங்கள். அப்புறம் படங்களை விண்டோஸின் பிக்சர்ஸ், வீடியோஸ், மியூசிக் ஃபோல்டர்களுக்குள் வைத்தால் டிவியின் மீடியா பகுதியில் கம்ப்யூட்டரின் பெயர் தெரியும்.

இதற்குப் பின்னால் இருப்பது டிஎல்என்ஏ என்ற பொது ஏற்பாடு. 2003இல் சோனி, இன்டெல் போன்ற கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. 2017இல் கலைக்கப்பட்டுவிட்டது, ஆனால் அது வகுத்த முறையை டிவிகள் இன்னும் புரிந்துகொள்கின்றன. பழைய வழிகாட்டிகளில் ‘ஹோம்குரூப்’ அமைக்கச் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள். 2018லேயே விண்டோஸ் 10இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் ஜெல்லிஃபின், பிளெக்ஸ், கோடி என்ற மென்பொருள்களைச் சொல்கிறார்களே, அவை எதற்கு?

டிஎல்என்ஏவில் வெறும் ஃபோல்டர் பட்டியல்தான் தெரியும். எங்கே நிறுத்தினோம் என்று பெரும்பாலும் நினைவு இருக்காது. டிவிக்குப் புரியாத வீடியோ வகை என்றால் ஓடவே ஓடாது. ஜெல்லிஃபினும் பிளெக்ஸும் கம்ப்யூட்டரில் இருந்துகொண்டு படங்களை அடுக்கிக் காட்டும், விட்ட இடத்திலிருந்து தொடரும், தேவைப்பட்டால் டிவிக்குப் புரியும் வகைக்கு ஓடும்போதே மாற்றித் தரும். கோடி வேறு வகை: அது டிவிப் பக்கம் இருந்துகொண்டு கம்ப்யூட்டரின் ஃபோல்டரைத் திறந்து காட்டும்.

குடும்பப் படங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஜெல்லிஃபின். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. முழுக்க இலவசம், திறந்த மூலநிரல். வெளி சர்வரில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்பது எனக்கு முக்கியம். பாட்டியின் அறுபதாம் கல்யாணப் படத்தைப் பார்க்க வெளிநாட்டுக் கம்பெனியில் லாகின் எதற்கு? ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி இரண்டிலும் ஆப் கிடைக்கும். கம்ப்யூட்டரில் நிறுவியதும் பிரவுசரில் கம்ப்யூட்டரின் முகவரியோடு 8096 என்ற எண்ணைச் சேர்த்துத் திறக்க வேண்டும்.

நிறுவும்போது ஒன்றைக் கவனியுங்கள். நூலகத்தின் வகையைக் கேட்கும் இடத்தில் ‘மூவீஸ்’ கொடுத்தால், உங்கள் ஃபைல் பெயரோடு ஒத்துப்போகும் சினிமாவை இணையத்தில் தேடி அதன் போஸ்டரை ஒட்டிவிடும். ‘கல்யாணம்’ என்று பெயர் வைத்த வீடியோவின் மேல் யாரோ நடிகர் நிற்பார். அம்மா அதைத் தாண்டிப் போய்விடுவார். ‘ஹோம் வீடியோஸ் அண்ட் ஃபோட்டோஸ்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீடியோவிலிருந்தே ஒரு காட்சி முகப்பில் வரும்.

ஃபோல்டர் பெயரை ஆண்டு, மாதத்தில் தொடங்குங்கள்: ‘1987-05 கோத்தகிரி வீடு குடிபுகல்’, ‘2019-01 பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை’ என்பது போல. டிவியில் தானாகவே காலவரிசையில் அடுக்காக நிற்கும். ‘புதிய ஃபோல்டர் 7’ என்றால் அடுத்த தலைமுறைக்கு அதில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

டிவியில் கம்ப்யூட்டரின் பெயரே வரவில்லை. என்ன செய்வது?

நான் பார்த்தவரை நான்கு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்குங்கள், லேப்டாப் என்றால் மூடியை மூடினாலும் எதுவும் செய்யாதே என்று வையுங்கள். திரை அணைந்துகொள்ளட்டும், பரவாயில்லை.

இரண்டு, விண்டோஸ் உங்கள் வீட்டு வைஃபையைப் ‘பப்ளிக்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இருப்பதாக நினைத்து எல்லாக் கதவையும் சாத்திவிடும். வைஃபை விவரங்களுக்குள் போய்ப் ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.

மூன்றாவதுதான் ஆளை அதிகம் அலைக்கழிப்பது. ஃபைபர் கம்பெனி கொடுத்த மோடம் ஒன்று, பின்னறைக்குச் சிக்னல் வரவில்லை என்று கடையில் வாங்கிய ரவுட்டர் இன்னொன்று. டிவி முதலாவதில், கம்ப்யூட்டர் இரண்டாவதில். இரண்டிலும் யூடியூப் நன்றாக ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. டிவி ‘இங்கே மீடியா கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா’ என்று நெட்வொர்க்கில் கேட்கும் கேள்வி இரண்டாவது ரவுட்டரைத் தாண்டாது. கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டு கருவியின் ஐபி எண்ணையும் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் இதுதான் காரணம். இரண்டாவது ரவுட்டரின் செட்டிங்ஸில் ‘அக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

நான்கு, டிவி விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறது. அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடிதான் அமைத்திருப்பார்கள். மாற்றி இணையுங்கள்.

நின்று நின்று ஓடுகிறதே?

உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களிலும் பழைய எஸ்டேட் குவார்ட்டர்ஸிலும் கல் சுவர் ஒன்றரை, இரண்டு அடி கனத்தில் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் அத்தகைய சுவரில் சீக்கிரம் அடங்கிவிடும். 2.4 கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும், வேகம் குறைவு. தகரக் கூரையும் தகரத் தடுப்பும் சிக்னலைத் திருப்பியடிக்கும்.

எவ்வளவு வேகம் தேவை? மொபைலில் எடுத்த சாதாரண எச்டி வீடியோவுக்கு விநாடிக்குச் சுமார் 20 மெகாபிட். 4கே வீடியோவுக்கு 50 வரை போகும். கல் சுவரைத் தாண்டிய வைஃபைக்கு முதலாவதே சிரமம்.

லேன் கேபிள் இழுத்துவிடுங்கள் என்பதே என் பதில். கேட்5இ அல்லது கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். ஜன்னல் சட்டத்தின் ஓரமாகவோ, பழைய டெலிபோன் வயர் வந்த துளை வழியாகவோ பெரும்பாலும் இழுத்துவிடலாம். கல்லைக் குடைய வேண்டியதில்லை. குறைந்தது கம்ப்யூட்டரையாவது கேபிளில் இணையுங்கள், டிவி வைஃபையில் இருக்கட்டும். பாதிச் சுமை குறைந்துவிடும். டிவிகள் பலவற்றில் லேன் துளை 100 மெகாபிட்தான், ஆனாலும் குடும்ப வீடியோவுக்கு அது தாராளம்.

வைஃபை எக்ஸ்டென்டர் வாங்குவதாக இருந்தால் சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீர்கள். நன்றாக இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில், கதவு நிலைக்கு நேராக வையுங்கள்.

அண்ணன் வீடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயும் கேபிள் இழுக்கலாமா?

வெளியில் தொங்கும் சாதாரண லேன் கேபிள் இடி மின்னலுக்கு வழி காட்டும். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் என்று மழை ஆட்டம் நமக்கு எப்போதும் உண்டு. பக்கத்தில் எங்கோ விழும் மின்னல்கூடக் கேபிளில் மின்னழுத்தத்தை ஏற்றி இரண்டு வீட்டின் ரவுட்டர், டிவி எல்லாவற்றையும் சேர்த்து எரித்துவிடும். இரண்டு வீட்டுக்கு நடுவில் போட வேண்டும் என்றால் உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிள் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் சிறு பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

வீட்டுக்குள்ளும் இடி பலமாக இருந்தால் பிளக்கோடு சேர்த்து லேன் கேபிளையும், கேபிள் டிவி, டிஷ் வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

இந்தக் குளிருக்கும் உயரத்துக்கும் ஹார்ட் டிஸ்க் தாங்குமா?

உயரம் பிரச்சினை இல்லை. ஹார்ட் டிஸ்கின் முனை ஒரு மெல்லிய காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, அதனால் கேள்வி நியாயமானதே. சாதாரண டிஸ்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை ஓடும் என்று உறுதி சொல்லித்தான் விற்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

கவலைப்பட வேண்டியது ஈரத்துக்கு. குளிர்ந்துபோன டிஸ்கை வெதுவெதுப்பான ஈரக் காற்றுக்குக் கொண்டுபோனால் மேலே பனி பூக்கும். தை மாதத்தில் ஊட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு கோவைக்கு இறங்கினால், பையை மூடியபடியே சில மணி நேரம் வைத்திருந்து, சூடு சமமான பிறகு சொருகுங்கள். சமையல் ஆவி வரும் சுவரோரமும், மழையில் ஊறும் வெளிச்சுவரோரமும் கம்ப்யூட்டருக்கு ஆகாது. பயன்படுத்தாத டிஸ்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

பழைய வீடியோ கேசட்டும் ஆல்பமும் இருக்கின்றன. அவற்றை எப்படி ஏற்றுவது?

தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் அடுத்த வருடம் செய்யலாம், இதை முடியாது. மலை ஈரத்தில் விஎச்எஸ் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள்: சுருளின் மேல் வெள்ளைப் பொடியோ நூல்போன்ற படையோ தெரிந்தால் அதைப் பிளேயரில் போடவே கூடாது. நாடா அறுந்துபோகலாம், பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பாகத்தில்) ஒட்டி அடுத்து போடும் கேசட்டுக்கும் போகும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல கேசட் என்றால் ஓடும் பிளேயர் ஒன்றும், யூஎஸ்பி கேப்சர் கருவி ஒன்றும் போதும். பிளேயர் கிடைப்பது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிறது. உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டது. பதிவு செய்யும் மென்பொருளில் ‘பால்’ (PAL) முறையைத் தேர்ந்தெடுங்கள், நம் நாட்டு கேசட்டுகள் அந்த வகை. ‘என்டிஎஸ்சி’ இருந்தால் நிறம் போய்விடும் அல்லது படம் உருளும். சின்ன மினிடிவி கேசட்டில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகவே இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும். அதை ஃபயர்வயர் கேபிள் வழியாக அப்படியே எடுத்தால் தரம் குறையாது.

ஆல்பத்தில் உள்ள நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 3,600க்கு 2,400 புள்ளிகள் வரும், 4கே டிவியின் திரையை நிறைக்க அது சரியாகப் போதும். பிளாஸ்டிக் தாளில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் தாளோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம், ஹாலில் எல்லோரும் பார்க்கும்போது யார் யார் என்று பெரியவர்கள் சொல்வதை ஒரு மொபைலில் பதிவு செய்து அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். தேயிலை பறிக்கும் கூட்டத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று அவர்களைத் தவிர வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

ஒலி டிடிஎஸ் வகையாக இருக்கும், பல டிவிகள் அதை எடுக்காது. ஜெல்லிஃபின் வழியாகப் போட்டால் மாற்றித் தரும். ஐபோன் படங்கள் தெரியவில்லை என்றால் அவை எச்இஐசி வகை. ஐபோனின் கேமரா செட்டிங்ஸில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ போட்டால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும்.

வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டேயாக விடுகிறோம். அதனால் ஏதாவது?

உண்டு, கட்டாயம் கவனியுங்கள். டிஎல்என்ஏவில் பாஸ்வேர்டு கிடையாது. விருந்தினருக்கும் உங்கள் வைஃபையையே கொடுத்திருந்தால், அவர் மொபைலில் விஎல்சி என்ற வீடியோ ஆப் இருந்தாலே உங்கள் குடும்பப் படங்கள் அவருக்குத் திறந்துவிடலாம். ரவுட்டரில் விருந்தினர் வைஃபையைத் தனியாகப் போட்டு அதை மட்டும் கொடுங்கள்.

உங்களிடம் உள்ள சினிமாக்களை விருந்தினர் அறைக்கும் அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கோ ஹோட்டல், ஹாஸ்டல் அறைகளுக்கோ ஒரே நேரத்தில் அனுப்புவதைப் பொதுமக்களுக்குக் காட்டுவதாகவே கருதுகிறது. வீட்டார் ஹாலில் பார்ப்பது வேறு, இது வேறு.

பிள்ளைகள் ரிமோட்டில் எதையாவது அழித்துவிட்டால்?

டிஎல்என்ஏவில் அழிக்க வழி இல்லை. ஜெல்லிஃபினில் ஹால் டிவிக்கென ஒரு பயனரை உருவாக்கி, அழிக்கும் அனுமதி தராமல் விடுங்கள்.

ஆனால் டிஸ்க் தானாகவே செத்துப்போகும் நாள் ஒன்று வரும். டிவியில் தெரிகிறது என்பதால் பத்திரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருக்கும் அக்கா வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க் வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

நாள் முழுக்க ஓடினால் கரண்ட் பில் எகிறுமா? பழைய லேப்டாப் போதுமா?

சும்மா நிற்கும் லேப்டாப் சுமார் 20 வாட் எடுக்கும் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் அளவில் வரும். ராத்திரி அணைத்துவிட்டால் அதிலும் குறையும். பழைய லேப்டாப் நன்றாகவே போதும், கரண்ட் போனால் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும் என்பது கூடுதல் லாபம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றி அகற்றுங்கள், அது ஆபத்து. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 11 ஏறாத பழைய மெஷினில் லினக்ஸ் மின்ட் போட்டு ஜெல்லிஃபினை ஓட்டலாம்.

துபாயில் இருக்கும் மகனும் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் அது தனி வேலை. ரவுட்டரில் வாசலைத் திறந்துவிடச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள், உலகத்துக்கே திறப்பதாகிவிடும். விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் பூட்டிய தனி வழி) வழியாக வருவது பாதுகாப்பு. பிளெக்ஸில் வெளியிலிருந்து பார்ப்பது 2025 ஏப்ரல் முதல் கட்டணச் சேவை. வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் பிள்ளை என்றால், ஒரு டிஸ்கில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். உங்களுக்கு இன்னொரு பிரதியும் ஆயிற்று.

டிவியில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

அந்த டிவியின் மீடியா பகுதியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஜெல்லிஃபின், விஎல்சி போன்ற ஆப் வழியாகத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் சரியாக வரும். தமிழ் சப்டைட்டில் குழம்பினால், அந்த எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியலாக இருந்தால் அது போதாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.